மழையால் வெள்ளமா, வெள்ளத்தால் மழையா? விளக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரியின் கிளையாறான குடமுருட்டிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், அறுவடை இல்லாத மாதங்களில் ஞாயிறு மாலை களத்துமேட்டில் ஒரு சிறு கூட்டம் சேரும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள், கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள், வயலிலிருந்து கைகால் கழுவிக்கொண்டு நேரே வந்து உட்காரும் பெரியவர்கள். தர்க்கமும் அறிவியலும்தான் பேச்சு. பாடம் நடத்துவது நான், கேள்விகள் அவர்களுடையவை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்ட விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

விளக்கம் என்று எதைச் சொல்கிறோம்?

எங்கள் பக்கம் பாத்திரத்தை விளக்குவோம். புளி போட்டு விளக்கினால் பித்தளைக் குடத்தின் உண்மை நிறம் தெரியும். புதிதாக எதையும் பூசுவதில்லை, மறைத்திருந்தது போகிறது. அந்த விளக்குதலும் விளக்கமும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள்.

சொல்லுக்குப் பொருள் சொல்வதும் விளக்கம். பம்ப்செட்டைக் கழற்றிக் காட்டுவது செயல்முறை விளக்கம். வேலைக்கு வராத ஊழியருக்கு "விளக்கம் கேட்டு" நோட்டீஸ் போவதும் உண்டு. இங்கே பேசப்போவது நான்காவது வகையை: நடந்தது ஏன் நடந்தது, இருப்பது ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்விக்கான விடையை.

ஒன்றைத் தர்க்கப்படி நிறுவிவிட்டால் அதை விளக்கியதாகிவிடுமா?

ஆகாது. இந்த ஒரு விடை பிடிபட்டால் மற்றவை பாதி தெளிந்துவிடும். அதனால் இதற்குச் சற்று அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

புகாரில் பிறந்த மணிமேகலையின் காப்பியத்தில், 27ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் அவள் பல சமயத்தாரிடம் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே அளவைவாதி, ஒன்றை அறிவதற்கான வழிகளை அடுக்குகிறான். அவற்றில் கருதல், அதாவது அனுமானம், மூன்று வகை: பொது, எச்சம், முதல். நமக்கு இங்கே வேண்டியவை பின்னிரண்டு. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு அத்தலை, அதாவது ஆறு வரும் மேற்பகுதியில், மழை பெய்திருக்கிறது என்று உரைப்பது எச்சம். கருக்கொண்ட முகிலைக் கண்டு மழை பெய்யும் என்று உரைப்பது முதல். காவிரிக் கரையில் வாழ்கிறவருக்கு இதைவிடப் பழக்கமான எடுத்துக்காட்டு கிடைக்காது.

எச்சத்தில் விளைவிலிருந்து காரணத்துக்குப் போகிறோம். முதல் என்ற வகையில் காரணத்திலிருந்து விளைவுக்கு வருகிறோம். இரண்டு வழியிலும் அறிவு கிடைக்கிறது. விளக்கம் மட்டும் ஒரே திசையில் ஓடுகிறது. "ஆறு நிறைந்து போகிறது, ஆதலால் குடகில் மழை பெய்திருக்கிறது." "குடகில் மழை பெய்தது, ஆதலால் ஆறு நிறைந்து போகிறது." இரண்டிலும் இருப்பது அதே ஆதலால்தான். முதல் வாக்கியத்தில் அது நான் நம்புவதற்கான ஆதாரத்தைக் காட்டுகிறது. இரண்டாவதில் நடந்ததற்கான காரணத்தைக் காட்டுகிறது. ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்ப்பதால்தான் மாணவர்கள் தேர்வுத்தாளில் தடுமாறுகிறார்கள் என்பது என் அனுபவம்.

அதே காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்த ஆசானான அறவண அடிகள் சொல்லும் ஐந்து உறுப்பு அனுமானத்தின் முதல் மூன்று உறுப்புகளைப் பாருங்கள். இம்மலை நெருப்புடைத்து; புகையுடைத்து ஆதலால்; அடுக்களை போல. புகை நெருப்பை ஐயமின்றி நிறுவிவிடுகிறது. மலை ஏன் பற்றிக்கொண்டது என்பதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதே வேறுபாட்டைக் கோள்களை வைத்துச் சொன்னார். கோள்கள் மினுக்குவதில்லை, ஆகவே அவை அருகில் இருக்கின்றன என்று வாதிட்டால் "அப்படி இருக்கிறது" என்பது தெரியும். அவை அருகில் இருக்கின்றன, ஆகவே மினுக்குவதில்லை என்றால்தான் "ஏன் அப்படி" என்பது தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். அதற்குப் பிறகு, ஆற்றில் தண்ணீரைக் கண்டவுடன் அத்தலை மழை என்று நாம் சொல்ல முடியாது. குடகிலும் வயநாட்டிலும் வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும், ஜூன் 12இல் மதகைத் தூக்கினால் தண்ணீர் வந்துவிடும். வேறொரு காரணம் குறுக்கே வந்தவுடன் பழைய அனுமானம் வலுவிழந்தது. மழை பெய்தால் ஏன் ஆறு பெருகும் என்ற விளக்கத்துக்கோ எந்தக் குறையும் வரவில்லை.

இயற்கை விதியும் கணக்கும் இருந்தால் அது விளக்கம்தானே?

கார்ல் ஹெம்பல், பால் ஓப்பன்ஹைம் என்ற தத்துவ அறிஞர்கள் 1948இல் எழுதிய கட்டுரையில் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்கள். பொதுவிதி ஒன்று, அந்த நேரத்து நிலைமைகள் சில. இவற்றிலிருந்து நடந்த நிகழ்வு தர்க்கப்படி பெறப்பட்டால் அதுவே விளக்கம். அறிவியல் தத்துவத்தில் இந்தத் தலைப்பில் பிறகு நடந்த விவாதமெல்லாம் அந்தக் கட்டுரையோடு ஒத்தோ மோதியோ நடந்ததுதான்.

மோதியவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு கொடிமரமும் நிழலும். நமக்குத் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் இருக்கிறது. உயரம் ஏறக்குறைய 200 அடி. சூரியன் வானத்தில் பாதி உயரத்தில், 45 பாகையில் நின்றால், உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து 200 அடி தள்ளி உச்சியின் நிழல் விழும். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற விதி, சூரியனின் உயரம், விமானத்தின் உயரம், இவை மூன்றும் சேர்ந்து நிழலின் நீளத்தை விளக்கிவிடுகின்றன.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நிழலை அளந்து, அதே விதியைக் கொண்டு, விமானம் 200 அடி என்று கண்டுபிடிக்கலாம். தர்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விமானம் ஏன் 200 அடி உயரம் என்பதற்கு நிழலைக் காரணமாகச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? அதற்கு, 1010இல் அந்தக் கோயிலை நிறைவு செய்த ராஜராஜனும் அவனுடைய தச்சர்களும் என்ன நினைத்தார்கள், அடித்தளம் எவ்வளவு பாரம் தாங்கும் என்றெல்லாம் பேச வேண்டும். விதியும் தர்க்கமும் திசை காட்டுவதில்லை. காரணம்தான் திசை காட்டுகிறது.

பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, அதற்கு விளக்கம் என்ன?

விளக்கத்தைத் தேடுவதற்கு முன், செய்தி உண்மையா என்று பார்க்க வேண்டும். நிழல் விழுகிறது. காலையிலும் மாலையிலும் போய் நின்றால் யாரும் பார்க்கலாம்.

இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்பதற்கு வேண்டுமானால் ஒரு விளக்கம் உண்டு. விமானத்தின் அடிப்பகுதி பக்கத்துக்குச் சுமார் 100 அடி. அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 50 அடி. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10.8 பாகையில் இருக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாளில், நண்பகலில் உச்சியின் நிழல் 40 அடிக்குள்தான் நீளும். அது விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது சொல்லவே வேண்டாம். மார்கழியில் அதே நண்பகலில் உச்சியின் நிழல் 130 அடிக்கு மேல் வடக்கே நீண்டு தரையில் கிடக்கும். கோடை விடுமுறையில் உச்சிவேளையில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் சொன்ன சொல் பரவியிருக்கலாம். இது என் ஊகம்.

தொடர்பில்லாத ஒன்றைச் சேர்த்தாலும் விளக்கம் ஆகுமா?

ஹென்றி கைபர்க் என்ற தத்துவ அறிஞர் சொன்ன எடுத்துக்காட்டை வேதாரண்யம் உப்பைக் கொண்டு சொல்கிறேன். மந்திரித்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைகிறது. இது மந்திரித்த உப்பு. ஆகவே இது கரைந்தது. முதல் வாக்கியமும் உண்மை, முடிவும் உண்மை. மந்திரிக்காத உப்பும் கரையும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

முன்கூட்டிச் சரியாகச் சொல்ல முடிந்தால் போதாதா? விளக்கம் எதற்கு?

ஆங்கிலேயப் படையில் பணியாற்றிய ஜான் வாரன் என்ற அதிகாரி 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூலில், புதுச்சேரியில் தாம் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, எண்களைச் சொற்களில் பொதிந்து வைத்த, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் எழுதுகோலும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கு ஏன் சரியாக வருகிறது என்ற கோட்பாடு அவரிடம் இல்லை.

அந்தப் பெரியவரின் திறமையை எண்ணினால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கூர்தீட்டிய அறிவு அது. ஆனாலும் ஒரு நாள் கணிப்பு அரை மணி நேரம் தவறிப்போனால் எங்கே கை வைப்பது? சந்திரனின் பாதை எப்படிப்பட்டது, பூமியின் நிழல் எவ்வளவு அகலம் என்று தெரிந்தவருக்குப் பிழையைத் தேட இடம் இருக்கிறது. வாக்கியத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு வாக்கியம்தான் இருக்கிறது.

ஒரே நிகழ்வுக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எது சரி?

சில சமயம் எல்லாமே சரியாக இருக்கும், ஏனென்றால் கேள்விகளே வெவ்வேறு. "எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, ஏன்?" சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராதது ஏன் என்று கேட்கிறவருக்கு, மேட்டூரின் நீர்மட்டம் விடை. பக்கத்து வாய்க்காலில் வந்து நம் வாய்க்காலில் வராதது ஏன் என்றால், தூர் வாராததும் காட்டாமணக்கும் விடை. தலைமடைக்குக் கிடைத்து நமக்குக் கிடைக்காதது ஏன் என்றால், முறைப்பாசனத்தில் யார் மடையை எத்தனை நேரம் திறந்து வைத்திருந்தார்கள் என்பது விடை.

பாஸ் வான் பிராசன் என்ற தத்துவ அறிஞர் 1980இல் வலியுறுத்தியது இதைத்தான்: ஏன் என்ற கேள்விக்குள் எப்போதும் "எதற்கு மாறாக" என்பது ஒளிந்திருக்கிறது. குறைதீர்க்கும் கூட்டங்களில் அதிகாரி முதல் கேள்விக்கு விடை சொல்கிறார், விவசாயி மூன்றாவது கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை, கூட்டம் மட்டும் சண்டையில் முடிகிறது. கேள்வியை முழுசாகக் கேட்கப் பழகுவது பாதி வேலையை முடித்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொல்லப்பட்ட விளக்கம் சரியா என்று எப்படிச் சோதிப்பது?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், குறுவை நட்டு மூன்றாவது வாரம், எங்கள் மூன்று மா நிலத்தில் பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றது. குனிந்து பார்த்தால் அடி இலைகளில் துருவேறிய தகரம் போலப் பழுப்புப் புள்ளிகள். ஓர் இலையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். குலைநோய் என்று சொல்லிப் பூஞ்சைக்கொல்லி கொடுத்தார்கள். இரண்டு முறை தெளித்தேன். ஒரு மாதத்தில் பயிர் தேறியது. மருந்து கேட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

பக்கத்து வயல்காரர் எனக்குப் பெரியப்பா முறை. அவர் எதுவும் தெளிக்கவில்லை. அவருடைய பயிரிலும் அதே புள்ளிகள் வந்து, அதுவும் தேறியிருந்தது. வரப்பில் நின்று அவர் கேட்டார்: "நீ தெளித்தாய், தேறியது. நான் தெளிக்கவில்லை, என்னுடையதும் தேறியது. அப்படியானால் உன் பயிரைத் தேற்றியது எது, தம்பி?" தர்க்கம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்தக் கேள்வி எழவில்லை, அவருக்கு எழுந்தது.

அடுத்த குறுவைக்கு வேளாண் துறையில் பணிபுரிந்த நண்பர் ஒருவரின் யோசனைப்படி, ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவினேன். ஒரு சிறு பாத்தியை மட்டும் தனி வரப்புக் கட்டி விட்டுவைத்தேன். அதே நாற்று, அதே தண்ணீர், அதே வெயில். இருபதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது, பழுப்புப் புள்ளி அந்த ஒரு பாத்தியில் மட்டும் இருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் துரு. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இது துத்தநாகக் குறைபாடு. வட இந்தியாவில் இதைக் கைரா என்பார்கள். அதற்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று பந்த்நகரில் ஒய். எல். நேனே 1966இல் காட்டினார். நீண்ட நாள் தண்ணீர் கட்டிய, காரத்தன்மை மிகுந்த மண்ணில் துத்தநாகம் வேருக்கு எட்டாத நிலைக்குப் போய்விடுகிறது. தண்ணீரை வடித்தால் நிலைமை சீராகும். கடுமையில்லாத பாதிப்பு சில வாரங்களில் தானாகவே தேறிவிடுவதும் உண்டு. முந்தைய ஆண்டு என் வயலும் பெரியப்பா வயலும் தேறியது இப்போது ஒரே விளக்கத்துக்குள் அடங்கிவிட்டது, மருந்துக்கு அதில் இடமே இல்லாமல்.

நல்ல விளக்கம் எதை மாற்றினால் எது மாறும் என்று சொல்கிறது. அதனால்தான் அதை மாற்றிப் பார்த்துச் சோதிக்க முடிகிறது.

எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் சிறந்த விளக்கம்தானே?

விளைந்தால் நல்ல நேரம், பொய்த்தால் கெட்ட நேரம். இது எந்த ஆண்டுக்கும் பொருந்தும். ஆகவே இந்த ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

கணிதத்தில் காரணமே கிடையாது. அங்கே விளக்கம் என்பதற்குப் பொருள் உண்டா?

உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜனிடமே அதற்குச் சான்று இருக்கிறது. ஓர் எண்ணைக் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று அவர் ஆராய்ந்தார். 4 என்ற எண்ணுக்கு ஐந்து வழிகள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 9க்கு 30 வழிகள், 14க்கு 135, 19க்கு 490. எண் 4 அல்லது 9 என்று முடிந்தால், வழிகளின் எண்ணிக்கை எப்போதும் 5ஆல் வகுபடும் என்று கண்டு, அதற்கு 1919இல் நிரூபணமும் தந்தார்.

நிரூபணம் ஐயத்தைப் போக்கியது. ஆனால் 5ஆல் வகுபடுகிறது என்றால், அந்த வழிகளை ஐந்து சமமான கூறுகளாகப் பங்கு வைக்க ஏதாவது ஒரு முறை இருக்க வேண்டுமல்லவா? அது எங்கே? 1944இல் பிரீமன் டைசன் என்ற இளைஞர் ஒரு முறையைச் சொன்னார். ஒவ்வொரு பிரிவிலும் மிகப் பெரிய எண்ணிலிருந்து, அதில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்பதைக் கழியுங்கள். மேலே உள்ள ஐந்துக்கும் கழித்துப் பாருங்கள்: 3, 1, 0, −1, −3 என்று வரும். இவற்றை 5ஆல் வகுத்தால் (கழித்தல் குறி உள்ளவற்றோடு முதலில் 5ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்) மீதி 3, 1, 0, 4, 2. ஐந்து பிரிவுகளும் ஐந்து வெவ்வேறு கூறுகளில் போய் உட்கார்ந்துவிட்டன. 4 அல்லது 9 என்று முடியும் எல்லா எண்களுக்கும் இது நிற்கும் என்று அட்கின், ஸ்வின்னர்டன்-டையர் என்ற கணித அறிஞர்கள் 1954இல் நிரூபித்தார்கள்.

ஒரு பென்சிலை எடுத்து 9க்கும் இதைப் போட்டுப் பாருங்கள். முப்பது பிரிவுகளும் ஆறு ஆறாகப் பிரிந்து நிற்பதைக் காணும்போது, வகுபடுகிறது என்று முன்பே தெரிந்திருந்தவருக்கும் ஏதோ ஒன்று புதிதாகத் தெளியும். அந்தத் தெளிவுக்குத்தான் விளக்கம் என்று பெயர்.

"எதற்காக" என்று கேட்பது அறிவியலில் தவறா?

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மூச்சுவிடுவதற்காக என்று படகுக்காரர் சொல்வார். சரிதான். மரம் திட்டமிட்டு நீட்டவில்லை. காற்றில்லாத சேற்றில், வேரை மேலே விட்ட வகைகள் பிழைத்துப் பெருகின. டார்வின் 1859இல் காட்டிய வழி இது. அந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு "எதற்காக" என்று தாராளமாகக் கேட்கலாம்.

ஒரு கொடுமைக்குக் காரணம் சொன்னால் அதை நியாயப்படுத்துவது ஆகாதா?

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வுப் போராட்டம், நிலவுடைமை, சாதி என்று அதன் காரணங்களை அடுக்குகிறவர் கொலைக்குச் சாக்குச் சொல்லவில்லை. ஏன் நடந்தது என்பது ஒரு கேள்வி, நடந்தது தகுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை உறுதியாக இருக்கும்போதுதான் முதலாவதைத் தயங்காமல் கேட்க முடிகிறது. இந்தக் கேள்வி எங்கள் களத்துமேட்டில் எழுந்த அன்று, அதற்குமேல் வேறெதையும் பேசவில்லை.

எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிடுமா?

பூம்புகார் அருகே கீழையூரில் நடந்த அகழாய்வில், செங்கல்லால் கட்டிய பழைய படகுத்துறை ஒன்று கிடைத்தது. அதில் நின்ற மரத்தூண்களின் வயதைக் கார்பன் கணக்கால் கி.மு. 3ஆம் நூற்றாண்டு அளவில் என்று கணித்தார்கள். மரம் உயிரோடு இருந்தவரை காற்றிலிருந்து கார்பன்-14ஐ எடுத்துக்கொண்டிருந்தது. வெட்டிய பிறகு வரவு நின்றது, இருந்தது சிதையத் தொடங்கியது. ஏறக்குறைய 5,730 ஆண்டுகளில் பாதி போய்விடும். மிச்சத்தை அளந்தால் வெட்டிய காலம் தெரியும்.

ஆனால் அந்தத் தூணில் இருந்த ஒரே ஓர் அணுவைக் காட்டி, இது ஏன் நேற்றுச் சிதைந்தது, பக்கத்தில் இருப்பது ஏன் சிதையவில்லை என்று கேட்டால், இன்றைய குவாண்டம் கோட்பாட்டில் அதற்கு விடை இல்லை. இத்தனை காலத்தில் சிதைய இவ்வளவு வாய்ப்பு என்பதோடு அது நின்றுவிடுகிறது. ஏன் என்று கேட்க முடியாத கோடிக்கணக்கான அணுக்களைச் சேர்த்து எண்ணித்தான், அந்தத் துறையில் மரத்தை நட்டு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு ஆகிறது என்று சொல்கிறோம்.